நள்ளிரவில் குழாய் வெடித்தால்: வாடகைக் குடியிருப்பாளரின் உரிமை

நீர்க்குழாய் வெடித்தவுடன் முதற்காரியம் பிளம்பரைத் தேடுவதன்று, நீரை நிறுத்துவதே. தனி வீடுகளில் பிரதான வால்வு பெரும்பாலும் முன்புற எல்லையில், நீர்மானியின் அருகே இருக்கும். அதனை வலஞ்சுழியாகத் திருப்பி மூடவேண்டும். அடுக்குமாடி வீடுகளில் அது சலவையறையில் இருக்கலாம். குடிபுகும் நாளிலேயே கண்டறிந்து வைத்தல் நலம்.

வாடகைக்கு இருப்போர் பலர், வீட்டுரிமையாளர் என்ன நினைப்பாரோ எனத் தயங்கி, வாளி வைத்தே இரவைக் கழிப்பர். அத்தயக்கம் தேவையற்றது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 2010ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின்படி வெடித்த குழாய், அடைத்துக்கொண்ட கழிவறை, கூரையின் பெருங்கசிவு ஆகியன 'அவசரத் திருத்தங்கள்' ஆகும். முதலில் உரிமையாளருக்கோ முகவருக்கோ அறிவிக்கவேண்டும். நியாயமான அவகாசம் அளித்தும் அவர்கள் செயற்படாவிடின், அல்லது தொடர்புகொள்ள முயன்றும் இயலாவிடின், குடியிருப்பவரே உரிமம் பெற்ற பிளம்பரைக் கொண்டு திருத்தி, 1,000 டொலர் வரையிலான நியாயமான செலவை மீளக் கோரலாம். ஒப்பந்தத்தில் பிளம்பர் ஒருவர் குறிக்கப்பட்டிருப்பின், இயன்றவரை அவரையே அழைக்கவேண்டும். பழுது குடியிருப்பவரின் தவறால் நேர்ந்ததாயின் இவ்வுரிமை இல்லை.

வாய்மொழிக் கோரிக்கை போதாது. செலவு விவரத்தையும் பற்றுச்சீட்டையும் எழுத்துமூலம் கொடுத்த 14 நாள்களுக்குள் உரிமையாளர் பணம் செலுத்தவேண்டும். முகவருடன் ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் 131 450 என்ற எண்ணில் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம்.