அம்மாவுக்கு நடத்திய பாடம்!

என் மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க். ஆனால் நீட் தேர்வில் கெமிஸ்ட்ரி காலை வாரி விட்டது. அதில் 45 கேள்விகள். சரியான விடைக்கு 4 மார்க். தப்பானால் 1 மார்க் கழித்து விடுவார்கள். ஒன்று போல இருக்கும் ரியாக்ஷன்களில்தான் ஏமாந்து போனாள். ‘ஒரு வருஷம் வீணாப் போச்சும்மா’ என்று சுருண்டு படுத்தவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

மறுபடி எழுதுவது என்று முடிவானதும், விடிய விடிய மனப்பாடம்தான். காலையில் கேட்டால் எல்லாம் குழம்பிவிடும். நானோ பத்தாவதோடு நின்றவள். என்ன உதவி செய்ய முடியும்?

ஒரு நாள் மாவு ஆட்டும்போது, ‘எனக்குப் புரியற மாதிரி ஒண்ணே ஒண்ணு சொல்லேன்டி’ என்றேன்.

‘ஆல்டால், கன்னிசரோன்னு ரெண்டு இருக்கும்மா. ரெண்டுக்கும் ஆல்டிஹைடுதான், சோடியம் ஹைட்ராக்சைடுதான்.’

‘அப்போ எதை வெச்சுப் பிரிப்பே?’

பதில் இல்லை. ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். ஆல்டிஹைடு தொகுதிக்கு அடுத்த கார்பனில் ஹைட்ரஜன் இருந்தால், நீர்த்த கரைசலில் ஆல்டால். அசிட்டால்டிஹைடு இந்த வகை. அந்த ஹைட்ரஜன் இல்லாத ஃபார்மால்டிஹைடு, பென்சால்டிஹைடுக்கு அடர் கரைசலில் கன்னிசரோ.

‘பக்கத்து வீட்டுல ஆள் இருக்கா, இல்லையான்னு பாக்கணும். அவ்வளவுதானே?’ என்றேன். பல நாள் கழித்து அன்றுதான் சிரித்தாள்!

அதன்பின் தினமும் ஒரு ஜோடி. ஃபீனாலும் காரமும் இருக்கும் இடத்தில் குளோரோஃபார்ம் சேர்ந்தால் ரீமர்-டீமன், கிடைப்பது சாலிசிலால்டிஹைடு. கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தால் கோல்பே. அமிலம் சேர்த்து முடித்தால் சாலிசிலிக் அமிலம். இதையெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, விடையை மடித்து, சமையலறைக் கதவில் ஒட்டினோம். தப்பு விட்டதற்கு ஒரு சிவப்புப் பொட்டு. இரண்டு நாள் கழித்து அதையே திரும்பக் கேட்பேன். மூன்று முறை சரியாகச் சொன்னால்தான் தாளைக் கிழிப்போம்.

எனக்குக் கெமிஸ்ட்ரி தெரியாததே நல்லதாகப் போயிற்று. எனக்கு விளக்க வேண்டி, அவள் ‘ஏன்’ என்று யோசித்தாள். யோசித்தது மறக்கவில்லை. சீட் கிடைக்குமோ, கிடைக்காதோ. புத்தகத்தைக் கண்டாலே அழுத பெண் இப்போது அழுவதில்லை. எனக்கு அதுவே பெரிசு.

படிக்காத அம்மா என்று ஒதுங்கி நிற்காதீர்கள் தோழிகளே! பக்கத்தில் உட்கார்ந்து, ‘ஏன்?’ என்று கேளுங்கள். அது போதும்.

- ஒரு வாசகி, திருமங்கலம்.