காக்கும் தீயும் சுடும் தீயும்

காலிற் குத்திய முள், ஆறாத புண், நெஞ்சிற் கட்டிய சளி, சிறுநீர்ப் பாதையிற் புகுந்த கிருமி ஆகியவற்றுள் எதுவும் சில வேளைகளில் உயிருக்கே உலை வைத்துவிடுகின்றது. கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடல், அளவிறந்து கிளர்ந்து, தன் உறுப்புகளையே சிதைக்கும் இந்நிலையை வைத்தியர்கள் 'செப்சிஸ்' என்பர். 2017ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 4 கோடியே 90 இலட்சம் பேரை இது பீடித்ததாகவும், 1 கோடியே 10 இலட்சம் மரணங்கள் இதனோடு தொடர்புற்றவை எனவும் ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர்.

காக்கவேண்டிய உடல் தன்னையே அழிப்பது எங்ஙனம்? நமது குருதியிலுள்ள வெண்கலங்கள், கிருமியை விழுங்கியதும், ஒட்சிசனை மிகுதியாக உட்கொள்கின்றன. அதனைச் சுப்பரொட்சைட்டு என்னும் வீரியமிக்க பொருளாக்குகின்றன. அதிலிருந்து ஐதரசன் பேரொட்சைட்டும், வெளுக்கும் நீரிலுள்ளதற்கு இனமான ஐப்போகுளோரசு அமிலமும் பிறக்கின்றன. இவையே கிருமியை எரிக்கும் தீ. பிறவிக் குறையால் இத்தீயை மூட்ட இயலாத குழந்தைகள் தொற்றுக்குமேல் தொற்றாய் வருந்துவதைக் கொண்டு இதன் இன்றியமையாமையை உணரலாம்.

அடுப்பில் எரியும் தீ சோறு சமைக்கும். கூரையில் ஏறினால் வீட்டையே கொளுத்தும். செப்சிசில் நிகழ்வதும் அதுவே. குருதிக் குழாய்களின் உட்சுவர் கசிகின்றது, குருதியமுக்கம் வீழ்கின்றது, கலங்களுக்குச் சக்தியளிக்கும் இழைமணிகள் பழுதுறுகின்றன. சிறுநீரகம், சுவாசப்பை, மூளை என உறுப்புகள் தளர்கின்றன. இத்தீ மிகுந்த நிலையே ஒட்சியேற்ற நெருக்கீடு எனப்படும்.

இத்தீயைத் தணிக்கும் பொருள்களுள் ஒன்று விற்றமின் சி. செப்சிஸ் நோயாளரின் குருதியில் இது பெரிதும் குறைந்திருக்கும். ஆகவே, இதனை நாளத்தின் வழியே மிகுதியாய்ச் செலுத்தினாலென்ன என்று வைத்தியர்கள் எண்ணினர். 2017இல் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. விற்றமின் சியோடு தயமினும் ஐதரோகோட்டிசோனும் பெற்ற 47 பேருள் 4 பேரே இறந்தனர். முந்திய மாதங்களில் அவற்றைப் பெறாத 47 பேருள் 19 பேர் இறந்திருந்தனர். உலகெங்கும் நம்பிக்கை பிறந்தது.

ஆயினும், வெவ்வேறு காலத்து நோயாளரை ஒப்பிடுவது உறுதியான சான்றாகாது. ஆதலால், ஒரே காலத்து நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் சோதித்தனர். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரேசில் நாடுகளில் நடைபெற்று 2020இல் வெளியான சோதனையில் அம்மூன்று மருந்துகளாலும் மேலதிக நன்மை காணப்படவில்லை. 2022இல் வெளியான 872 பேரைக் கொண்ட சோதனையோ எச்சரிக்கையாகவே அமைந்தது. இறந்தோரும் உறுப்புத் தளர்ச்சி நீங்காதோரும், விற்றமின் சி பெற்றோரில் நூற்றுக்கு 44.5 பேர், பெறாதோரில் 38.5 பேர்.

தீயை அணைக்கும்போது கிருமியை எரிக்கும் படைக்கலமும் மழுங்கலாம். இரும்பு முதலிய உலோகங்களின் முன்னிலையில் விற்றமின் சியே ஒட்சியேற்றத்தைத் தூண்டவும் கூடும். நோயாளி வைத்தியசாலையை அடையுமுன்பே சேதம் நிகழ்ந்திருப்பதும் உண்டு. எனவே, எவருக்கு, எவ்வேளையில், எவ்வளவு என்பதை அறிந்து அளிக்கும் முறையையே ஆய்வாளர் இன்று நாடுகின்றனர்.

நேயர்களே, உயிர் காப்பது காலத்தே தொடங்கும் சிகிச்சையே: தக்க நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து, நாளத்தின் வழியே திரவம், சீழ் இருப்பின் அதனை அகற்றல். தொற்றுற்றவரிடம் மனத்தடுமாற்றம், விரைந்த மூச்சு, கடும் நடுக்கம், சிறுநீர்க் குறைவு ஆகியவற்றைக் கண்டால், விற்றமின் குளிகையையும் எலுமிச்சஞ் சாற்றையும் நம்பிப் பொழுதைப் போக்காதீர்கள். அக்கணமே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.