கூட்டு ஓமோன் சிகிச்சை: அச்சமும் அளவும்

பெண்களுக்குப் பெரும்பாலும் 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. சூலகங்கள் சுரந்துவந்த ஈஸ்திரோஜன் என்னும் ஓமோன் அப்போது குறைந்துபோகிறது. அதனாற் சிலருக்கு உடல் திடீரெனத் தணல்போற் காய்கிறது. இரவில் வியர்வை பெருகி நித்திரை குலைகிறது. எலும்புகளும் நாளடைவில் வலிமை குன்றுகின்றன. இவற்றை வயதின் விதியென்று எண்ணி, வாய்திறவாது பொறுத்துக்கொள்ளும் தாய்மார் நம் இல்லங்களிற் பலர். இதற்கு மருந்துண்டா, அம்மருந்தினால் வரும் தீங்கு யாது என்பதை நாம் இங்கே ஆராய்வோம்.

கருவுற்ற பெண்குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்ட ஈஸ்திரோஜன் மாத்திரை 1942ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பெண்ணின் இளமையை இம்மருந்து என்றும் காக்குமென, றொபேட் வில்சன் என்னும் அமெரிக்க வைத்தியர் 1966இல் நூலெழுதிப் பறைசாற்றினார். ஆயினும் ஈஸ்திரோஜனைத் தனியே உட்கொண்ட பெண்களிடையே கருப்பையின் உட்சுவரிற் புற்றுநோய் மிகுவதை 1975இல் வெளிவந்த ஆராய்ச்சிகள் காட்டின. ஆகவே, கருப்பையுள்ள பெண்களுக்குப் புரொஜெஸ்தரோன் இனத்து ஓமோனையும் சேர்த்துக் கொடுக்கலாயினர். இதுவே கூட்டு ஓமோன் சிகிச்சை எனப்படும்.

இம்மருந்து இருதயத்தையும் காக்கும் என்ற நம்பிக்கை எங்கும் வேரூன்றியிருந்தது. அதனைச் சோதிக்க அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையான 16,608 பெண்கள் தெரிந்தெடுக்கப்பட்டனர். ஒரு சாராருக்குக் கூட்டு மாத்திரையும், மறு சாராருக்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் கொடுக்கப்பட்டன. எட்டரை ஆண்டு நடைபெறவேண்டிய இப்பரிசோதனை, சராசரி 5.2 ஆண்டுகளிலேயே, 2002 யூலையில் நிறுத்தப்பட்டது. நன்மையிலும் தீமையே மிகுந்து நின்றமையே காரணம்.

பதினாயிரம் பெண்களை ஓராண்டு கவனித்தால், போலி மாத்திரை உண்டவருள் 30 பேருக்கும் மருந்துண்டவருள் 38 பேருக்கும் மார்புப் புற்றுநோய் கண்டது. பாரிசவாதம் 21இலிருந்து 29 ஆகவும், நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்தல் 8இலிருந்து 16 ஆகவும், மாரடைப்பு முதலிய இருதய நோய் 30இலிருந்து 37 ஆகவும் கூடின. மறுபுறம், இடுப்பெலும்பு முறிவு 15இலிருந்து 10 ஆகவும், பெருங்குடற் புற்றுநோய் 16இலிருந்து 10 ஆகவும் குறைந்தன.

மாணவர்கள் இவ்விடத்தில் ஒரு கணக்குச் செய்து பார்க்கலாம். 30 என்பது 38 ஆனமையைக் ‘கால் பங்குக்கு மேற் கூடிற்று’ என்றால் நெஞ்சு திடுக்கிடும். ‘பதினாயிரவரில் எண்மர் கூடினர்’ என்றால் அச்சம் தணியும். இரண்டும் உண்மையே. முதற்கூற்றே உலகெங்கும் பரவியமையால், மருந்து தேவைப்பட்ட பெண்கள் பலரும் அதனைக் கைவிட்டனர்.

அப்பரிசோதனையிற் பங்குபற்றியோரின் சராசரி வயது 63 என்பதையும் நோக்குதல் வேண்டும். 60 வயதுக்குட்பட்ட, அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டு கடவாத, வேறு நோயற்ற பெண்ணுக்கு வெப்பத் தொல்லை கடுமையாயின், நன்மையே பெரும்பாலும் மிகும் என்பது இன்றைய வைத்திய அறிஞர் கருத்து. ஆனால், கூட்டு மருந்தை உண்ணும் ஆண்டுகள் நீள நீள மார்புப் புற்றுநோய் அபாயமும் ஏறும்.

தொடக்க மாதங்களில் மார்பு நோதல், தலைவலி, குமட்டல், வயிறு ஊதுதல், ஒழுங்கற்ற இரத்தப்போக்கு ஆகியன தோன்றலாம். இரத்தப்போக்கு ஆறு மாதங்களின் பின்னும் நீடித்தால், அல்லது நின்றபின் மீண்டும் தோன்றினால், வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி நோதல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நாக்குழறல் ஆகியவற்றுள் எது கண்டாலும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க.

மார்புப் புற்றுநோய், இரத்தக்கட்டி, பாரிசவாதம், கடும் ஈரல் நோய் ஆகியன முன்னர் கண்டவர்க்கு இம்மருந்து பொதுவாக ஏற்றதன்று. ஆதலால், அயலவர் சொற்கேட்டு மாத்திரை வாங்குதலும் தகாது. செய்தி கேட்டு அஞ்சி ஒதுக்குதலும் தகாது. தமக்கும் தம் குடும்பத்தாருக்கும் வந்த நோய்களை மறையாது வைத்தியரிடம் கூறி, ஆண்டுதோறும் அவரைக் கண்டு, மருந்து இன்னும் வேண்டுமா என வினவுதல் தாய்மார் கடன். நாணத்தால் அவர்கள் தயங்கும்போது துணைசென்று அழைத்துப்போதல் வீட்டிலுள்ள ஏனையோர் கடன்.