கடிகாரத்தோடு மல்லுக்கட்டும் பயிற்சி

‘ஃப்ரான்’ என்று ஒரு பயிற்சி. கேட்பதற்குச் சாது. 43 கிலோ பார்பெல்லைத் தோளுக்கு முன் தாங்கி, முழுசாகக் குந்தி, எழும் வேகத்திலேயே தலைக்கு மேல் தூக்க வேண்டும். இப்படி 21 முறை. உடனே கம்பியில் தொங்கி 21 புல்-அப்ஸ். அடுத்து இரண்டிலும் 15, பிறகு 9. மூச்சு வாங்க நின்றால் யாரும் கேட்கமாட்டார்கள். கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கைதேர்ந்தவர்கள் மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிட்டுத் தரையில் மல்லாந்துவிடுகிறார்கள்.

இது கிராஸ்ஃபிட் பாணி. ஜிம்னாஸ்டிக்ஸ் பின்னணி கொண்ட பயிற்சியாளர் கிரெக் கிளாஸ்மேன் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வளர்த்தெடுத்தது, 2000-இல் நிறுவனமானது. அடிப்படை மூன்றுதான். பயிற்சி ஒரே மாதிரி இருக்கக் கூடாது. கையை மட்டும் மடக்கி நீட்டாமல் உடம்பு முழுவதும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். கேஸ் சிலிண்டரைத் தூக்குவதும் பரணில் பெட்டி ஏற்றுவதும் அப்படிப்பட்ட அசைவுகளே. மூன்றாவது, தீவிரம்.

தீவிரம் என்றால் பல்லைக் கடிப்பதோ கத்துவதோ இல்லை. பள்ளிக்கூட இயற்பியல்தான்: எடையை எவ்வளவு தூரம் நகர்த்தினோம், எத்தனை நேரத்தில்? ஃப்ரானை ஒன்பது நிமிடத்தில் முடித்தவர் சில மாதம் கழித்து அதே எடையோடு மூன்று நிமிடத்தில் முடித்தால், செய்த வேலை அதேதான்; திறன் மூன்று மடங்கு. முன்னேற்றம் பலகையில் எண்ணாக நிற்கிறது. ஆட்கள் இதில் சொக்கிப்போவதற்கு அந்த எண்தான் காரணம் என்று தோன்றுகிறது.

குறுகிய நேரக் கடும் உழைப்புக்கு ஆய்வின் துணையும் உண்டு. ஜப்பானின் இசுமி தபாடா குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினர் மிதமான வேகத்தில் ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்தார்கள். இன்னொரு பிரிவினர் 20 விநாடி உயிரைக் கொடுத்து மிதித்து, 10 விநாடி ஓய்வெடுத்து, அப்படியே ஏழெட்டு முறை. ஆறு வாரத்தில் இரு பிரிவினருக்கும் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கூடியது. ஆனால் ஆக்சிஜன் போதாத நிலையிலும் உழைக்கும் திறன் இரண்டாம் பிரிவுக்கு மட்டுமே கூடியது.

கிராஸ்ஃபிட்டில் பயிற்சியைத் தினம் மாற்றுவதை மட்டும் அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதிக எடை தூக்கப் பழக வேண்டும் என்றால் அதே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்துதான் ஆக வேண்டும். நல்ல பயிற்சியாளர்கள் வாரத்தில் சில நாளை அதற்கென்றே ஒதுக்குகிறார்கள்; மற்ற நாட்களில்தான் ஓட்டம், கயிறு, தண்டால் என்று கலைத்துப்போடுவது.

பலர் கோட்டைவிடுவது அளவைக் குறைப்பதில். 43 கிலோ எல்லோருக்குமான எடை இல்லை. தொடக்கத்தில் எடை மாட்டாத வெறும் பார்பெல் கம்பி போதும். புல்-அப்ஸ் வராதவர்கள் ரப்பர் பட்டையின் உதவியோடு செய்யலாம். அசைவு கோணினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். பழகாத உடம்பை மட்டுமீறி வதைத்தால் தசை நார்கள் சிதைந்து, அவற்றின் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ சிறுநீர் கோலா நிறத்தில் போனால், உடல்வலிதானே என்று படுத்துக் கிடக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.