கருவியும் கைத்துணையும்

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது என்ற செய்தி கேட்டாலே நம் தஞ்சைத் தரணிக்கு ஒரு தனி மகிழ்ச்சி. கல்லணையில் திறந்துவிடப்படும் நீர் ஆறுகளில் பாய்ந்து, வாய்க்கால்களில் பிரிந்து, ஊர் எல்லைக்கு வந்து சேர்கிறது. ஆயினும் மடையைத் திறந்து, வரப்பை வெட்டி, தம் பயிரின் காலடிக்கு அந்நீரைத் திருப்பிவிட மண்வெட்டியோடு ஒருவர் நிற்க வேண்டும். அவர் நிற்கவில்லையென்றால் வாய்க்கால் நிறைய நீர் ஓடினாலும் வயல் காய்ந்தே கிடக்கும்.

இளையோருக்கு வழிகாட்டும் பணியில் தொழில்நுட்பக் கருவிகளுக்கு உரிய இடம் எது என்று நாங்கள் எண்ணிப் பார்த்தபோது, இந்த மண்வெட்டிக்காரரே எங்கள் நினைவுக்கு வந்தார்.

வழிகாட்டி என்பவர் யார்? பாடம் நடத்தும் ஆசிரியர் வேறு. பெற்று வளர்க்கும் தாய் தந்தையர் வேறு. ஓர் இளம் உள்ளத்தின் அருகில் அமர்ந்து, அது சொல்வதைக் கேட்டு, தான் நடந்து வந்த பாதையைக் காட்டித் துணை நிற்பவரே வழிகாட்டி. ஆங்கிலத்தில் இவரை 'மென்டர்' என்பர். அச்சொல் கிரேக்கக் காவியமான ஒடிசியிலிருந்து வந்தது. ஒடிசியஸ் மன்னன் போருக்குப் புறப்பட்டபோது, தன் இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை விட்டுச் சென்ற நண்பனின் பெயர் மென்டர். நம் ஊரிலோ இத்தகையவரை 'அக்கா' என்றோ 'அண்ணன்' என்றோ அழைத்துவிடுகிறோம்.

வானொலி நெல்

புதுக் கருவிகள் என்றவுடன் கணினியும் கைப்பேசியும்தான் நம் கண்முன் நிற்கின்றன. ஆனால் நம் பாட்டனார் காலத்திலேயே தஞ்சை மண் இப்பாடத்தைக் கற்றுவிட்டது.

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1965-ஆம் ஆண்டில் 'ஆடுதுறை 27' என்னும் குறுவை நெல் வெளிவந்தது. ஜப்பானிய நெல்லினம் ஒன்றையும் நம் நாட்டு ஜி.இ.பி. 24 நெல்லையும் இணைத்து உருவாக்கிய இரகம் அது. திருச்சி வானொலி நிலையம் அந்நெல்லைப் பற்றி இடைவிடாமல் எடுத்துச் சொல்லிற்று. உழவர்கள் அதன் எண்ணை மறந்து 'ரேடியோ நெல்' என்றே பெயர் சூட்டிவிட்டனர்! ஒரு நெல்லுக்கு வானொலியின் பெயர் வந்தது வேடிக்கைதான். ஆனால் வானொலி மட்டுமா அதனைப் பரப்பியது? 1960-இல் நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட தீவிர வேளாண்மை மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. அதன் பயனாக விதையும் உரமும் கடனும் ஊர் தேடி வந்தன. வேளாண் அலுவலர்கள் வயலில் இறங்கி விளக்கினர். செய்தி காற்றில் வந்தது; நம்பிக்கை ஆளோடு வந்தது.

இதனை மெய்ப்பிக்கும் சோதனை ஒன்று 1956-ஆம் ஆண்டிலேயே புனே வட்டாரத்தில் நடந்தது. யுனெஸ்கோ நிறுவனமும் அகில இந்திய வானொலியும் சேர்ந்து ஏறத்தாழ 150 ஊர்களில் அதனை நடத்தின. அங்கெல்லாம் சுமார் 20 பேர் கொண்ட குழு கூடி, நிகழ்ச்சியைக் கேட்டு, முடிந்தவுடன் அதைப் பற்றித் தமக்குள் பேச வேண்டும். வேறு சில ஊர்களில் வானொலிப் பெட்டி மட்டும் இருந்தது, குழு இல்லை. முடிவில், கூடிப் பேசிய ஊர்களில் அறிவு வளர்ந்த அளவுக்கு, பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் வளரவில்லை. கேட்பது பாதி, கேட்டதைப் பேச ஒருவர் கிடைப்பது மறுபாதி என்பது அன்றே விளங்கிற்று.

பாடம் தெரியாத வழிகாட்டி

அடுத்து, தமிழ் பேசும் கடலோரச் சிற்றூர் ஒன்றுக்கு வருவோம். காளிக்குப்பம் என்பது அதன் பெயர். 1999-இல் தில்லியின் கல்காஜி பகுதியில் சுவரில் துளையிட்டு ஒரு கணினியை வைத்து, குடிசைப் பிள்ளைகள் தாமாகவே அதனைக் கற்றுக்கொள்வதைக் கண்டவர் பேராசிரியர் சுகதா மித்ரா. அவரும் ரீத்து தாங்வால் என்னும் ஆய்வாளரும் காளிக்குப்பத்தில் ஒரு கடினமான சோதனை செய்து, 2010-இல் அதன் முடிவை வெளியிட்டனர். ஆங்கிலம் சரளமாக வராத 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள், தெருவோரக் கணினியில் ஆங்கிலத்தில் உள்ள மூலக்கூறு உயிரியலைத் தாமாகவே கற்க முடியுமா என்பதே கேள்வி.

முதற்கட்டத்தில் பிள்ளைகளுக்குத் துணை யாரும் இல்லை. ஆயினும் பக்கத்து அரசுப் பள்ளியில் அப்பாடத்தைப் படித்த மாணவருக்கு ஈடாக அவர்கள் மதிப்பெண் பெற்றனர். அதுவே வியப்பு. இரண்டாம் கட்டத்தில் பிள்ளைகளுக்குப் பழக்கமான ஓர் இளம்பெண் துணை வந்தார். அவர் கணக்கு எழுதும் வேலை பார்த்தவர், உயிரியல் அறியாதவர். பாட்டிமார் பேரப்பிள்ளைகளின் பின்னால் நின்று, "அட! இதை எப்படிச் செய்தாய்? எனக்கும் காட்டு" என்று வியப்பார்களே, அதுபோல ஊக்குவிப்பது ஒன்றே அவர் வேலை. அதன் பிறகு பிள்ளைகளின் மதிப்பெண், தேர்ந்த ஆசிரியரிடம் பயின்ற தில்லித் தனியார் பள்ளி மாணவரின் நிலைக்கு உயர்ந்தது.

சிறு குழுவைக் கொண்டு உலகத்தையே அளந்துவிட முடியாது என்பது உண்மையே. ஆனாலும் இச்சோதனை நம்மைப் போன்ற மாணவியருக்கு ஒரு துணிவைத் தருகிறது. எல்லாம் கற்றபின்தான் பிறருக்கு வழிகாட்ட வேண்டும் என்பதில்லை. அருகில் நின்று ஆர்வத்தோடு கேட்கத் தெரிந்தால், அதுவே பெருந்துணை. அருகில் நிற்க இயலாதபோது கருவி கைகொடுக்கிறது. 2009-இல் இங்கிலாந்தின் ஓய்வுபெற்ற ஆசிரியர் பலர், இணையத்தின் வழியே இந்தியக் குழந்தைகளோடு உரையாடவும் கதை சொல்லவும் முன்வந்தனர். அக்குழுவிற்குப் 'பாட்டி மேகம்' என்று அழகாகப் பெயரும் வைத்தனர்.

வீடு தேடி வந்த அக்காமார்

கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் ஒளிபரப்பாயின. பல பிள்ளைகளுக்கு அவை பேருதவி. ஆனால் திரையில் தோன்றும் ஆசிரியர், "கண்ணு, உனக்குப் புரிந்ததா?" என்று ஒரு பிள்ளையின் முகம் பார்த்துக் கேட்க முடியாதல்லவா? அக்குறையைத் தீர்க்க, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கப்பட்டது. முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட 12 மாவட்டங்களுள் தஞ்சாவூரும் நாகப்பட்டினமும் இருந்தன. 8-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு, மாலை நேரத்தில், தெருத் திண்ணையிலும் பொதுக் கூடத்திலும் தன்னார்வலர் பாடம் சொல்லிக் கொடுத்தனர். ஒருவருக்குச் சுமார் 20 பிள்ளைகள். தன்னார்வலருள் பெரும்பாலோர் அதே ஊர்ப் பெண்கள்.

இதில் தொழில்நுட்பம் எங்கே இருந்தது? தன்னார்வலர் பெயர் பதிந்தது இணையத்தில். வருகைப் பதிவு கைப்பேசிச் செயலியில். பிள்ளைகளின் கண்ணில் பட்டதோ தங்கள் தெரு அக்காவின் முகம் மட்டுமே. கருவி பின்னால் நின்று வேலை செய்ய, மனிதர் முன்னால் நின்றார். இம்முறையே சரியான முறை என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

நாங்கள் கற்ற பாடம்

சென்ற ஆண்டு எங்களுள் ஒன்பது பேர், வெண்ணாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றின் எட்டாம் வகுப்பு மாணவியருக்குத் தொலைபேசி வழியே துணையாயிருக்க முன்வந்தோம். படக்காட்சிப் பாடங்களை அனுப்பலாம் என்று பெரிய திட்டம் போட்டோம். முதல் வாரத்திலேயே அது கவிழ்ந்தது. வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதுவும் அப்பாவின் சட்டைப் பையில். அவர் வேலை முடித்து வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிடும். இரண்டு படம் பார்ப்பதற்குள் அன்றைய இணைய அளவு தீர்ந்துவிடும். ஆகவே சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்குச் சாதாரண அழைப்பு என்று மாற்றிக்கொண்டோம்.

ஒரு சிறுமிக்குப் பின்னக் கணக்கு என்றாலே அச்சம். "உங்கள் ஊரில் ஒரு வேலி என்றால் எத்தனை மா?" என்று கேட்டோம். "இருபது மா, அக்கா." "அப்படியானால் ஐந்து மா?" "கால் வேலி!" என்றாள் உடனே. "நீ இப்போது செய்ததுதான் பின்னம்" என்றோம். சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு அவள் சிரித்த சிரிப்பு இன்னும் எங்கள் காதில் இருக்கிறது.

பிறகு அரையாண்டுத் தேர்வு வந்தது. எங்கள் படிப்பே பெரிதாகி, மூன்று சனிக்கிழமை அழைக்காமல் இருந்துவிட்டோம். முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. நான்காம் வாரம் அழைத்தபோது அவளுடைய தாயார் எடுத்தார். "சனிக்கிழமை ஆனா ஏழு மணிக்கே அவங்க அப்பாகிட்ட போனை வாங்கி வச்சிக்கிட்டு உக்காந்துடுதும்மா. சார்ஜ் எறங்கிடும்னு யாரையும் தொட விடுறதில்லை" என்றார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எங்கள் மனம் சற்று ஆறியிருக்கும்.

அமெரிக்க ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வொன்றும் இதையே கூறுகிறது. ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த வழிகாட்டல் இளையோருக்கு மிகுந்த நன்மை தந்தது. மூன்று மாதத்திற்குள் அறுந்துபோன உறவோ, அவர்கள் தம்மைத் தாமே மதிக்கும் எண்ணத்தைக் குறைத்துவிட்டது. தொடங்கி நிறுத்துவதைவிடத் தொடங்காமலிருப்பதே மேல் என்று இதற்குப் பொருள்.

செய்ய விரும்புவோருக்கு

எங்கள் பிழையிலிருந்து கற்ற சிலவற்றைத் தங்கைமாருக்காக இங்கே எழுதுகிறோம்.

முதலாவது, எளிய கருவியே நல்ல கருவி. எல்லா வீட்டிலும் உள்ளது எதுவோ அதைக் கொண்டு தொடங்குங்கள்.

இரண்டாவது, நாளும் நேரமும் மாறக்கூடாது. தேர்வுக் காலத்தில் ஐந்து நிமிடமாவது பேசுங்கள். இயலாதெனில் முன்னரே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, பெற்றோர் அறியாமலும் ஆசிரியர் அறியாமலும் எந்த உரையாடலும் வேண்டாம். பிள்ளைகளின் படத்தைக் கேட்பதும் பிறருக்கு அனுப்புவதும் கூடாது.

நான்காவது, நம்மால் தாங்க இயலாத செய்தி வந்தால் அதை நம்மோடு வைத்துக்கொள்ளக் கூடாது. 18 வயது நிரம்பாத பெண்ணுக்குத் திருமணம் பேசுகிறார்கள் என்றோ, ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுகிறாள் என்றோ தெரியவந்தால், உடனே ஆசிரியையிடமோ அருட்சகோதரியிடமோ கூறுங்கள். குழந்தைகள் உதவிக்கான 1098 என்ற எண்ணையும், கல்வி ஆலோசனைக்கான 14417 என்ற எண்ணையும் ஒவ்வொரு மாணவியும் மனப்பாடம் செய்திருத்தல் நலம்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மகளுக்கு வாரத்தில் அரைமணி நேரம் அந்தக் கைப்பேசியைக் கொடுங்கள். அருகிலேயே அமர்ந்து கேளுங்கள், தடையில்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் எந்தப் பிரிவு, எந்தக் கல்லூரி, எந்த விடுதி என்று கேட்டறிய, முன்பே அவ்வழி சென்ற ஓர் அக்காவின் குரல் பல குடும்பங்களில் அந்தக் கைப்பேசி வழியாக மட்டுமே வரக்கூடும். குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்கும் பெண்ணுக்கு அந்த அரைமணி நேரம், படிப்புத் தொடர்வதற்கும் நின்றுபோவதற்கும் இடையிலுள்ள வரப்பாகிவிடலாம்.

இனி வருங்காலத்தில் இன்னும் புதிய கருவிகள் வரும். கேட்ட வினாவுக்கு நொடியில் விடை சொல்லும் இயந்திரங்கள் இன்றே வந்துவிட்டன. வரட்டும், வரவேற்போம். ஆனால் ஏழு மணிக்கே கைப்பேசியை மடியில் வைத்துக் காத்திருக்கும் சிறுமி, விடைக்காக மட்டும் காத்திருப்பதில்லை. தன்னை நினைத்து ஒருவர் அழைப்பார் என்று காத்திருக்கிறாள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, தோழியரே. மடையைத் திறக்க நாம்தான் எழுந்து செல்ல வேண்டும். நாங்கள் மீண்டும் சனிக்கிழமைதோறும் ஏழரை மணிக்கு அழைக்கத் தொடங்கிவிட்டோம்.