கட்டி எந்த எரிபொருளில் வாழ்கிறது?

தைராய்டு புற்றுநோய்களில் பத்தில் எட்டு பாப்பிலரி வகை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு இந்த நோயாளிகளில் பெரும்பாலோர் நெடுங்காலம் நலமாக வாழ்கிறார்கள். சிலருக்கு மட்டும் நோய் திரும்புகிறது, நுரையீரலுக்கும் எலும்புக்கும் பரவுகிறது. அந்தச் சிலர் யார் என்பதை முன்கூட்டியே அறிய, கட்டியின் வளர்சிதை மாற்ற மரபணுக்களை ஆராய்கிறார்கள்.

இயல்பான செல் ஆக்சிஜனைக் கொண்டு சர்க்கரையை முழுமையாக எரித்து நிறைய ஆற்றல் பெறுகிறது. புற்றுநோய்ச் செல்லோ, ஆக்சிஜன் இருந்தும் சர்க்கரையைப் பாதியிலேயே லாக்டிக் அமிலமாக்கி விடுகிறது. 1920களில் ஓட்டோ வார்பர்க் கண்டது இது. பழுப்பு நிலக்கரி தோண்டும் நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ பாதி ஈரம். அதே வெப்பத்துக்குக் கருநிலக்கரியைவிடக் கூடுதல் டன் கொட்ட வேண்டும். ஆற்றல் குறைவாகக் கிடைப்பதால் புற்றுநோய்ச் செல்லும் சர்க்கரையை வாரி இழுக்கிறது.

தைராய்டில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நல்ல நிலையிலுள்ள தைராய்டு செல் அயோடினை உள்ளிழுக்கும். கதிரியக்க அயோடின் சிகிச்சை பலிப்பதே இதனால்தான். கட்டி முரடாக மாறும்போது அயோடினை ஏற்றும் மரபணு அடங்குகிறது, சர்க்கரையை ஏற்றும் குளுட்-1 போன்றவை ஓங்குகின்றன. அயோடின் ஸ்கேனில் தெரியாத கட்டி, சர்க்கரை உறிஞ்சலைக் காட்டும் பெட் ஸ்கேனில் ஒளிர்வது அதனால்தான். மருத்துவமனைகளில் இன்றே பயன்படும் அறிவு இது.

ஆய்வாளர்கள் இதையே எண்ணாக்க முயல்கிறார்கள். ஒவ்வொரு மரபணுவின் செயல்பாட்டையும் அளந்து, அதன் முக்கியத்துவத்துக்கேற்ப எடை கொடுத்துக் கூட்டினால் ஓர் ஆபத்து மதிப்பெண் கிடைக்கும். இத்தகைய மதிப்பெண்களில் பல, 2014இல் வெளிவந்த, ஏறத்தாழ 500 பாப்பிலரி கட்டிகளின் அமெரிக்கத் தரவுத் தொகுப்பை நம்பியவை. அத்தொகுப்பில் இறந்தவர்கள் 20 பேருக்கும் குறைவு. நோயாளிகளில் பெரும்பாலோர் வெள்ளை இனத்தவர். இவ்வளவு சிறிய எண்ணிக்கையிலிருந்து பிறந்த மதிப்பெண் அங்கே அழகாகப் பொருந்தலாம், வேறு ஊர் நோயாளிகளிடம் தவறலாம். தமிழ்நாட்டு, கேரள நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்காமல் இதை நம்பிச் சிகிச்சையைக் கூட்டுவதோ குறைப்பதோ சரியல்ல. நோய் முரடாகும் என்பதற்கு இதைவிட உறுதியான தடயம், பிராஃப், டெர்ட் என்னும் மரபணுக்கள் இரண்டிலும் ஒருசேர ஏற்படும் பிறழ்வு.

இப்போதைக்கு வயது, கட்டியின் அளவு, பரவல், திசுப் பரிசோதனை, அறுவைக்குப் பிந்தைய தைரோகுளோபுலின் (தைராய்டு செல்கள் சுரக்கும் புரதம்) அளவு ஆகியவையே மருத்துவரின் முதன்மைத் துணை. வலியில்லை என்று கழுத்துக் கட்டியைத் தள்ளிப்போட வேண்டாம். நெய்வேலியில் இருப்பவர் நகரிய மருத்துவமனையில் காட்டலாம். மேல்சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மரும் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன.