மீட்டுத் தராத பிரதி எதற்கு?
2023 ஓகஸ்ட்டில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் கட்டமைப்பு கப்பம் கோரும் தீநிரலின் தாக்குதலுக்கு உள்ளானது. சுமார் 5000 முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் இழக்கப்பட்டன. இணைப்பிலிருந்த பிரதியும் தாக்கப்பட்டிருந்தது. அக்காலத்துக்கு வேறாகப் பேணப்பட்ட பிரதி இருக்கவில்லை.

வீட்டுக் கணினியிலும் இதுவே நிகழலாம். காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் வருடிச் சேமித்திருப்போர் பலர், கூகுள் ட்ரைவ் போன்ற ஒத்திசைவுச் சேவையே போதுமென எண்ணுகின்றனர். கணினியில் கோப்பு அழிந்தால் அங்கும் அழிகிறது. 30 நாட்களின் பின் குப்பைத்தொட்டியிலும் எஞ்சாது. ஆதலால், பழைய பதிப்புகளைத் திகதிவாரியாகப் பேணும் மென்பொருளையே தெரிவுசெய்தல் வேண்டும். விண்டோஸின் பைல் ஹிஸ்ரரி, ஆப்பிளின் டைம் மெஷின் ஆகியன மேலதிகக் கட்டணமின்றி அதைச் செய்கின்றன. பிரதியெடுத்ததும் வெளி வன்தட்டைக் கழற்றிவிடுவது அவசியம். ஓரிரு கோப்புகளை இன்றே மீட்டுப் பார்ப்பது அதனிலும் அவசியம்.